பாறு பார்க்க வாங்கிய ஸ்கோப், ஒரு வருடம் கழித்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டியின் மேல் 60 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து யாரும் இந்த ஸ்கோப்பை (ட்ரைபாடில் வைத்து ஒரு கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி) வாங்க வேண்டாம். 40க்கு மேல் திருகினால் பறவை பெரிதாகத் தெரியும், உண்மைதான், ஆனால் தண்ணீருக்குள் கிடக்கும் கரித்துண்டு மாதிரி ஆடிக்கொண்டு தெரியும். எடுத்த எடுப்பில் குறை சொல்கிறேனே என்று இதைக் குப்பைப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினெட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி ஒரு வருடம் ஆகிறது, விற்றுவிடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பிராண்டு பெயரைக் கேட்பீர்கள். சொல்லிப் பிரயோசனம் இல்லை. இந்த விலையில் கிடைக்கிற ஸ்கோப்புகளில் பல ஒரே உடம்புதான், மேலே ஒட்டுகிற பெயர்தான் வேறு. நீங்கள் பார்க்க வேண்டியது அளவை: 20-60x80, அதாவது 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 80 மில்லிமீட்டர். கண் வைக்கும் பக்கம் 45 டிகிரி சாய்ந்திருக்கும். எடை ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். லட்சக்கணக்கில் விற்கிற ஆஸ்திரியா, ஜெர்மனி ஸ்கோப்போடு இதை ஒப்பிடச் சொல்லாதீர்கள், அதில் ஒருமுறை கண் வைத்துப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் கோபி பக்கம் ஒரு பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவன். பறவை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைச் சோலியாகத்தான் ஆரம்பித்தது, குளத்து நாரை, வயல் கொக்கு என்று போய்க்கொண்டிருந்தது, அதற்கு என்னிடம் இருந்த 8x42 பைனாகுலர் தாராளம். வனத்துறையோடு பாறு கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போக ஆரம்பித்த பிறகுதான் அது போதாது என்று தெரிந்தது. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அதுதான். சங்கப் பாட்டிலேயே இருக்கிற பெயர், அந்தப் 'பிணந்தின்னி'யைவிட எவ்வளவோ மரியாதையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் இவை கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதற்கு முக்கியமாக மிச்சம் இருக்கிற இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. சத்தியமங்கலம் காட்டுக்கும் நீலகிரி மலைக்கும் நடுவே அறுத்துக்கொண்டு ஓடி வந்து பவானிசாகர் அணையில் சேர்கிறதே, அந்த ஆறு.

எத்தனை மிச்சம் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் மொத்தம் 320. அதில் வெண்முதுகுப் பாறு 217, செம்முகப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47, மஞ்சள்முகப் பாறு நாலே நாலு. எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற மாடுகளே அதைவிட அதிகம். மூன்று மாநிலத்துக்கும் இவ்வளவுதான் என்கிறபோது, ஒன்றைத் தப்பாக எழுதினாலும் தப்புதான், அதனால்தான் கண்ணாடி விஷயத்தில் இவ்வளவு அக்கப்போர்.

சரி, ஸ்கோப்புக்கு வருகிறேன்.

நாங்கள் உட்காருகிற இடத்தைச் சொல்ல மாட்டேன், கூடு இருக்கிற இடத்தை எங்கேயும் எழுதுவதில்லை என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. படம் எடுக்கிறேன் பேர்வழி என்று ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள், தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் வேகும். ஆற்றங்கரையில் உயரமான நீர்மருது மரங்கள், அதன் உச்சியில் சுள்ளி அடுக்கிய கூடு. நாங்கள் எதிர்ச்சரிவில் ஒரு பாறை மேல். இடைவெளி சுமார் 600 மீட்டர். பைனாகுலரில் பார்த்தால் 75 மீட்டருக்கு அப்பால் இருப்பது போல, மரத்தில் என்னமோ கருப்பாக உட்கார்ந்திருக்கிறது என்பது வரை தெரியும். ஸ்கோப்பில் 30 மடங்கு வைத்தால் 20 மீட்டரில் நிற்பது போல. கூட்டில் படுத்திருப்பது அடைகாக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா, அதன் வயிற்றுக்கடியிலிருந்து சாம்பல் பஞ்சு மாதிரி ஒன்று தலையைத் தூக்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வெண்முதுகுப் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒன்றரை மாதத்துக்கு மேல் அடைகாக்கும், பொரித்த குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப இன்னும் மூன்று மாதத்துக்கு மேல். முட்டை போனால் அந்த வருடம் போனது. அதனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான், குஞ்சு இருக்கிறதா இல்லையா. அந்த ஒரு கேள்விக்கு இந்த ஸ்கோப் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. காலை ஒன்பது மணி வரைக்கும்.

இந்த ஒன்பது மணி சமாச்சாரத்தை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். பாறு பெரிய பறவை, இறக்கையை விரித்தால் ஏழடி இருக்கும், அதை அடித்து அடித்துப் பறக்க அதற்குக் கட்டுப்படியாகாது. விடிந்ததிலிருந்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும், இறக்கையை விரித்து வெயில் காயும், இறகு கோதும். பாறையும் மண்ணும் சூடாகிக் காற்று மேலே எழும்ப ஆரம்பித்ததும், ஒன்பது ஒன்பதரை வாக்கில், ஒவ்வொன்றாக இறங்கி அந்தக் காற்றில் ஏறிச் சுழன்று மேலே போய்விடும். அதே சூட்டுக் காற்றுதான் ஸ்கோப்புக்கு எமன். கானல் என்கிறோமே, தார்ரோட்டில் தண்ணீர் போல அலையடிக்குமே, அது பள்ளத்தாக்கு முழுக்க இருக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஸ்கோப்பில் அதுவும் 30 மடங்காகப் பெருகித் தெரியும். அதாவது பறவை எழும்புவதற்கு எது வேண்டுமோ அதுவே நம் பார்வையைக் கெடுக்கிறது. மூன்று லட்சம் கொடுத்து வாங்கினாலும் இது மாறாது, கண்ணாடியின் தப்பு இல்லை. ஆனால் 60 மடங்கு என்று சொல்லி விற்கிறவர்கள் இதைச் சொல்லியிருக்கலாம்.

காலை ஆறரைக்கு வேறு கதை. வெளிச்சம் குறைவு, அப்போதும் 60 உதவாது. கணக்கு எளிது, முன்கண்ணாடி அளவை மடங்கால் வகுங்கள்: 80ஐ 20ஆல் வகுத்தால் 4, நம் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டம் 4 மில்லிமீட்டர், படம் பளிச்சென்று இருக்கும். 60ஆல் வகுத்தால் ஒன்றேகால் சொச்சம், ஊசி ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரி. ஆக விடிகாலையில் இருட்டால் 60 வேலைக்கு ஆகாது, ஒன்பதுக்கு மேல் கானலால் ஆகாது. நடுவில் ஏழரையிலிருந்து எட்டரை வரை குளிர்ந்த மார்கழிக் காலையாக இருந்தால் 45, 50 வரை திருகிப் பார்த்திருக்கிறேன். என் ஸ்கோப் பெரும்பாலும் 25க்கும் 35க்கும் நடுவிலேயே வாழ்கிறது.

இந்த உண்மை தெரியாமல் முதல் கணக்கெடுப்பில் ஒரு சொதப்பல் பண்ணினேன். பதினொரு மணிக்குத் தூரத்துப் பாறைவிளிம்பில் ஒரு பாறு வந்து உட்கார்ந்தது. ஆர்வக்கோளாறில் 60க்குத் திருகினேன். பழுப்பு உடம்பு, முதுகில் வெள்ளை இல்லை, பாறையில் வேறு உட்கார்ந்திருக்கிறது. கருங்கழுத்துப் பாறு என்று படிவத்தில் எழுதிவிட்டேன். கூட இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மடங்கை 25க்குக் குறைத்து, கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது சின்னதுங்கோ. போன வருசத்துக் குஞ்சு."

வெண்முதுகுப் பாறுவின் இளசுக்கு அந்த வெள்ளை முதுகு வந்திருக்காது, உடம்பெல்லாம் பழுப்பில் கீற்றுக் கீற்றாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று பிறகு ஆறுதல் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் அதுவே எழும்பி எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்தபோது சாதாரண பைனாகுலரிலேயே நன்றாகத் தெரிந்தது, அண்ணன் சொன்னதுதான் சரி. படிவத்தில் அடித்துத் திருத்தினேன். வானத்தில் போகிற பறவைக்கு ஸ்கோப்பைத் தொடவே தொடாதீர்கள், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பக்கத்து மாநிலத்துக்குப் போயிருக்கும். வளர்ந்த வெண்முதுகுப் பாறு என்றால் இறக்கைக்கு அடியில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கருப்பு; செம்முகம் என்றால் உடம்பெல்லாம் கருப்பு, தலை மட்டும் சிவப்பு; மஞ்சள்முகம் சின்னது, வெள்ளையில் கருப்பு விளிம்பு, வால் ஆப்பு மாதிரி. இதற்கெல்லாம் 8 மடங்கு போதும்.

கணக்கெடுப்பு நடக்கிற முறையை ஒரு வார்த்தை சொன்னால்தான் ஸ்கோப்பின் இடம் புரியும். ஒரே நாளில், ஒரே நேரத்தில், பள்ளத்தாக்கு நெடுக வெவ்வேறு மேடுகளில் ஆட்கள் உட்காருவார்கள். பார்த்த நேரம், வகை, வயது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தத் திசைக்குப் போனது எல்லாம் எழுத வேண்டும். சாயங்காலம் எல்லாப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே 10.10க்குக் கிழக்கே போனதும் அங்கே 10.15க்கு வந்ததும் ஒன்றா இரண்டா என்று கழிப்பார்கள். இறக்கையில் இறகு உதிர்ந்து ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தால் அதையும் குறித்து வைப்போம், அது அடையாளம். தீனிப்பை, அதாவது தின்றது முதலில் சேர்கிற கழுத்தடிப் பை, புடைத்திருக்கிறதா என்றும் பார்ப்போம், புடைத்திருந்தால் பக்கத்தில் எங்கேயோ புலியோ செந்நாயோ அடித்த இரை கிடக்கிறது. மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த இரண்டையும் பார்க்க ஸ்கோப் இல்லாமல் முடியாது.

சாய்ந்த கண் நல்லதா, நேர்க்கண் நல்லதா என்று கேட்கிறவர்களுக்கு: சாய்ந்ததே வாங்குங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், எங்கே பார்க்கிறோம் என்றே தெரியாது, மரத்துக்குக் குறிவைத்தால் வானம் தெரியும். நான் முன்கண்ணாடிக் குழாய் மேல் ஒரு கருப்பு டேப் ஒட்டி அதன் நடுவில் தீக்குச்சித் துண்டு வைத்துத் துப்பாக்கிக் குறி மாதிரி செய்துகொண்டேன். பழகின பிறகு சௌகரியம், ட்ரைபாடைத் தாழ்த்தி வைத்து எட்டு மணி நேரம் பவானி ஜமக்காளத்தில் சம்மணம் போட்டுக்கொண்டே பார்க்கலாம். நானும் காவலர் அண்ணனும் உயரத்தில் ஒரு முழம் வித்தியாசம், நேர்க்கண் என்றால் ஆளுக்கொரு முறை ட்ரைபாடை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். (ஜமக்காளம் பற்றித் தனியாக விமர்சனம் எழுதலாம், பாறைச் சூட்டுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.)

இனி குறை. கூடவே கொடுக்கிற ட்ரைபாட் மேஜை மேல் வைக்கிற பொம்மை, அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். தனியாகக் கோவையில் ஒரு கடையில் இரண்டாயிரத்து ஐநூறுக்கு ஒன்று வாங்கினேன், அதன் தலை மூன்றாவது தடவையே லொடலொடத்தது. ஸ்கோப்பை ஒரு இடத்தில் வைத்துக் கையை எடுத்தால் மெதுவாகக் கும்பிடு போடும். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மூன்று வாரம் வைத்திருந்து, சர்வீஸ் பண்ணிவிட்டோம் சார் என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள், அதே கும்பிடு. கடைசியில் எங்கள் ஊர் லேத் பட்டறையில் ஒருத்தர் கழற்றிப் பார்த்து, பிளாஸ்டிக் வாஷரை எறிந்துவிட்டுப் பித்தளையில் ஒன்று கடைந்து போட்டார். அறுபது ரூபாய். அதற்குப் பிறகு அசையவில்லை. கொங்கு நாட்டில் பிறந்ததற்கு இந்த ஒரு லாபம், எதுவாக இருந்தாலும் கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறது. மாயாற்றுப் பக்கம் காற்று பலமாக அடிக்கும், அதற்கு ட்ரைபாடின் நடுக்கொக்கியில் ஒரு அரிசிப் பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

இரண்டாவது குறை, போன் மாட்டுகிற கிளிப். இறுக்கினால் போன் பட்டன் அமுங்குகிறது, தளர்த்தினால் நடுவிலிருந்து நகர்ந்து பாதி வட்டம்தான் தெரிகிறது. விரலால் தொட்டுப் படம் எடுத்தால் ஆடிவிடும், ஹெட்போன் ஒயரில் இருக்கும் ஒலி பட்டனை அழுத்தி எடுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்து பெரிய டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், இதுவரை பிடிக்கவில்லை. அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார், தவிடு கண்ணாடியில் ஏறிவிடும், வேண்டாம். தூக்கிக்கொண்டு போவதுதான் ரோதனை. ஸ்கோப், ட்ரைபாட், ரெண்டு லிட்டர் தண்ணீர், டப்பாவில் அரிசிம்பருப்பு எல்லாம் சேர்த்து ஏழு கிலோவுக்கு மேல் முதுகில். காராச்சிக்கொரை செக்போஸ்ட் தாண்டி ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகும்போது மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொள்வேன். ஆற்றைப் பரிசலில் கடக்கும்போது பரிசல்காரர் கேட்டார், "அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டறலாங்களா?"

நான் எதிர்பார்க்காத இடத்தில் இது உதவியது, எங்கள் சொசைட்டியில். மரத்தில் குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதைப் போன வருடம் நாற்பது விநாடி வீடியோ எடுத்திருந்தேன், அந்தக் கிளிப்போடு மல்லுக்கட்டி. காலையில் பால் ஊற்ற வந்தவர்களிடம் காட்டினேன். அதில் ஒருத்தர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், மாட்டுக்கு மடிவீக்கம் என்றால் மருந்துக்கடையில் தானே வலி ஊசி வாங்கிக் குத்துகிற ஆள். அவரிடம் எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன், டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்கிற பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகும், உள்ளுறுப்பு மேலெல்லாம் யூரிக் அமிலம் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும் என்று. 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியில் காரணம் தெரிந்தது, 2006இல் இந்தியாவில் மாட்டுக்குத் தடை வந்தது. ஆட்கள் மனிதருக்கு விற்கிற பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்கு ஏற்றுகிறார்கள் என்று 2015இல் அதையும் 3 மில்லிக்கு மேல் ஒரே புட்டியில் அடைக்கக் கூடாது என்றார்கள். 2023இல் வேறு வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும், அப்புறம் நிமெசுலைடும் கால்நடைக்குத் தடை. நூறு செத்த மாட்டில் ஒன்றுக்கும் குறைவாக டைக்ளோஃபெனாக் இருந்தாலே பாறு இனம் சரிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் சொன்னபோது, காட்டில் சாகிற கழுகுக்கும் என் மாட்டுக்கும் என்னடா சம்பந்தம் என்பார். அவர் மாடு வருடத்தில் பாதி நாள் காட்டோரம் மேய்கிறது, அங்கேயே செத்தால் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார், அதுதான் சம்பந்தம்.

வீடியோவை இரண்டு தடவை போடச் சொன்னார். பால் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப எந்த ஊசிடா போடறது?"

மெலோக்சிகாம் என்று எழுதிக் கொடுத்தேன், கால்நடை டாக்டரைக் கேட்டுப் போடுங்கள் என்றும் சேர்த்து எழுதினேன். டோல்ஃபெனாமிக் அமிலமும் பாறுக்கு ஆபத்தில்லை என்று சோதித்திருக்கிறார்கள், அந்தப் பெயரை எழுதினால் சீட்டே தொலைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

யாருக்கு இதை வாங்கச் சொல்வேன் என்றால், குளத்துக்கரை, வயல்வெளி பார்க்கிறவர்களுக்கு வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலராக வாங்குங்கள். அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து தூரத்துக் கூட்டையோ அணைக்கரை வாத்துக் கூட்டத்தையோ பார்க்கிற வேலை உங்களுக்கு இருந்தால், விடிகாலை எழுந்திருக்கிற பழக்கமும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ட்ரைபாடைப் பெட்டியில் வைக்காமல் விலையில் ஆயிரம் குறைத்திருந்தால் நாலு.

இன்னொன்று. உங்களில் யாரிடமாவது 60, 65 மில்லிமீட்டர் பழைய ஸ்கோப் சும்மா கிடந்தால், சாய்ந்த கண், பூஞ்சை இல்லாதது, நியாயமான விலைக்குக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இல்லை, காவலர் அண்ணனுக்கு. நான் மாதத்தில் ஒருநாள் போகிறேன், அவர் மாதம் முழுக்க அங்கே இருக்கிறார், என்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது ஒவ்வொரு தடவையும் துண்டால் துடைத்துத் தருகிறார். துண்டால் துடைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.